சறுக்கும் இழைக் கோட்பாட்டின் வரலாறு

எலும்புத்தசை எவ்வாறு சுருங்குகிறது என்பதை விளக்கும் கோட்பாடு சறுக்கும் இழைக் கோட்பாடு எனப்படும். 1954 மே மாதத்தில் 'நேச்சர்' அறிவியல் இதழில் அடுத்தடுத்து அச்சான இரண்டு கட்டுரைகள் இதனை முன்வைத்தன. தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் இழைகள் எவையும் சுருங்குவதில்லை என்பதே அவற்றின் சாரம்.

கிரேக்க மருத்துவர் காலன் காலந்தொட்டு, நரம்புகளின் வழியே ஒருவகை உயிர்வளி பாய்ந்து தசையை இயக்குகிறது என்று கருதப்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டும், தசை ஊதிய பை போலப் பருப்பதால்தான் நீளம் குறைகிறது என்றே எழுதினார். நெதர்லாந்தைச் சேர்ந்த யான் சுவாமர்டாம் இதை ஒரு தவளைத் தசையைக் கொண்டு சோதித்தார். நரம்போடு எடுத்த தசையைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயின் குறுகிய நுனியில் ஒரு துளி நீரை நிறுத்தினார். தசை பருத்தால் துளி மேலேற வேண்டும். நரம்பைத் தூண்டியபோது தசை சுருங்கியது, துளி ஏறவில்லை. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு நம்பிக்கையை ஒரு துளி நீர் மறுத்தது. ஆயினும் அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்து 1737-38இல்தான் இச்சோதனை நூலாக வெளிவந்தது.

தசையை நுண்நோக்கியில் பார்த்தால் குறுக்கே கரும்பட்டையும் வெளிர்பட்டையும் மாறிமாறித் தெரியும். லேவன்ஹூக் 1680களிலேயே இவ்வரிகளைக் கண்டார். தசை என்பது தசை இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு செல். அதனுள் தசை நுண்ணிழைகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டுள்ளன. நுண்ணிழையில் திரும்பத் திரும்ப வரும் அலகு சார்கோமியர். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு.

சுருங்கும்போது கரும்பட்டையின் அகலம் மாறுவதில்லை என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் கண்டு எழுதியிருந்தனர். பின்னர் வேதியியல் ஆய்வுகள் மேலோங்க, அக்குறிப்புகள் மறக்கப்பட்டன. இவ்வரலாற்றில் வருந்தத்தக்க பகுதி இதுவே.

வேதியியலின் பங்கும் சிறிதன்று. 1864இல் ஜெர்மானியரான கூனே தசையிலிருந்து பிரித்த புரதத்துக்கு மயோசின் என்று பெயரிட்டார். 1939இல் சோவியத் அறிஞர்கள் எங்கல்கார்ட், லுபிமோவா இருவரும் மயோசினே ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி என்று காட்டினர். இரண்டாம் உலகப்போரின் நடுவே, அங்கேரியின் செகெட் நகரில் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வுக்கூடத்தில் ஸ்ட்ராப் ஆக்டினைக் கண்டறிந்தார். இரு புரதங்களும் கலந்த நூலில் ஏ.டி.பி. பட்டதும் நூல் குறுகியது. எனவே புரதமே மடிந்து குறுகுகிறது என்ற எண்ணம் வலுப்பட்டது.

அதை மாற்றியவர்கள் ஹக்ஸ்லி என்ற பெயருடைய இருவர். இவர்கள் உறவினர் அல்லர். மாணவர் பலர் இங்கே தடுமாறுவதுண்டு. ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்க் என்பவருடன் கேம்பிரிட்ஜில் தவளையின் உயிருள்ள தனித் தசை இழையை ஆராய்ந்தார். ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் அம்மையாரும் அமெரிக்காவில் முயல் தசையின் நுண்ணிழைகளை ஆராய்ந்தனர். மயோசினைக் கரைத்து நீக்கியதும் கரும்பட்டை மறைந்ததை அவர்கள் கண்டனர். எனவே தடித்த மயோசின் இழைகள் கரும்பட்டையில் உள்ளன; மெல்லிய ஆக்டின் இழைகள் வெளிர்பட்டையிலிருந்து அவற்றின் இடையே நுழைகின்றன. சுருங்கும்போது கரும்பட்டை அப்படியே இருக்க வெளிர்பட்டை மட்டும் குறுகியதை இரு குழுவினரும் தனித்தனியே உறுதி செய்தனர். இரு கை விரல்களைக் கோத்து உள்ளே தள்ளினால் விரல்கள் குறுகுவதில்லை, கைகள் மட்டும் நெருங்கும். வகுப்பில் இதைவிட எளிய செய்முறை எனக்குக் கிடைத்ததில்லை.

இக்கோட்பாடு உடனே எல்லாராலும் ஏற்கப்படவில்லை. 1966இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகியோர், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அளவைப் பொறுத்தே விசை அமைகிறது என்று அளந்து காட்டினர். இழைகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு நீட்டினால் விசை இல்லை.

இழைகளை நகர்த்துபவை மயோசினின் தலைகள். அவை ஆக்டினைப் பற்றி, இழுத்து, விடுகின்றன. எப்போது பற்றலாம் என்பதைக் கால்சியம் முடிவு செய்கிறது. அதை உணரும் ட்ரோபோனின் புரதத்தை 1960களில் கண்டறிந்தவர் ஜப்பானியரான எபாஷி. பற்றிய தலை விடுபட ஏ.டி.பி. வேண்டும். இறந்தபின் உடல் விறைப்பது, ஏ.டி.பி. தீர்ந்து தலைகள் பற்றியபடியே நின்றுவிடுவதால்தான்.