நுனியில் ஒரு மரை

1936இல் இங்கிலாந்தில் ‘கீப் யுவர் சீட்ஸ், ப்ளீஸ்’ என்றொரு படம் வந்தது. சன்னல் துடைக்கிறவன் ஏணியில் நின்றபடி வீட்டுக்குள் பார்க்கும் கூத்துகளை அதில் ஜார்ஜ் ஃபார்ம்பி யூகுலேலே மீட்டிக்கொண்டே பாடினார். பாட்டு ஊரெங்கும் பரவியது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய சன்னல் துடைப்பாளர் எட்டோரே ஸ்டெக்கோனே, பித்தளைச் சட்டத்தில் ஒற்றை ரப்பர் பட்டை கோத்த வைப்பரை உருவாக்கினார். அதுவரை புழங்கிய ‘சிகாகோ’ வைப்பர் கனத்த இரும்பு. பட்டையை மாற்ற 12 திருகுகளைக் கழற்ற வேண்டியிருந்தது.

வைப்பர் மாறினாலும் ஏணி மாறவில்லை.

பிரிட்டனில் சன்னலுக்கு 1696 முதல் வரி இருந்தது. வரிக்குப் பயந்து சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்ட வீடுகளை அங்கே இன்றும் பார்க்கலாம். 1851இல் வரி ஒழிந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடித் தகடுகளால் லண்டனில் ‘கிறிஸ்டல் பேலஸ்’ எழுந்ததும் அதே ஆண்டில்தான். கண்ணாடி பெருகப் பெருகத் துடைக்கும் வேலையும் பெருகியது. மெல்லிய பதனிட்ட தோல், நூல்துணி, வாளி, மேலே போகப் போகக் குறுகும் மர ஏணி: தொழிலுக்கு இவ்வளவுதான் முதலீடு. விழுந்தால் போவது உயிர்.

துடைப்பவரைத் தரைக்கு இறக்கியதில் தண்ணீருக்கும் பங்குண்டு. கழி நுனியில் பிரஷைப் பொருத்திக் கண்ணாடியைக் கழுவிவிடலாம். ஆனால் அவ்வளவு உயரத்தில் யார் துடைத்து உலர்த்துவது? சுண்ணாம்புப் பாறை நிலத்திலிருந்து வரும் லண்டன் குழாய்நீர், காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். உப்பே இல்லாத நீர் என்றால் தானாகக் காயும், தடமும் இருக்காது. அதற்கு வழி திறந்தது நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் அதே ஆர்.ஓ.தான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து, வேகமாக நீரைக் கடத்தும் மென்சவ்வை உருவாக்கினார்கள். 1964இல் காப்புரிமை கிடைத்தது. சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர். அந்தப் பெயர்கொண்ட இந்தியரின் கண்டுபிடிப்பு இன்று லண்டன் சன்னல் வரை போயிருக்கிறது.

கழியின் எடையைக் குறைத்தது கார்பன் ஃபைபர். அதை வலுவான இழையாக்கும் முறையை 1960களில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையம் வகுத்தது. 2005 ஏப்ரல் 6 அன்று பிரிட்டனில் உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ‘ஏணியைத் தடை செய்துவிட்டார்கள்’ என்று பேச்சு அடிபட்டது. விதி அப்படிச் சொல்லவில்லை. தரையிலிருந்தே முடிக்கக்கூடிய வேலைக்கு மேலே ஏறாதே என்றுதான் சொன்னது. கழி பிடித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆள் இறங்கிவிட்டார். ஏணியின் படிகள் தாங்கிய பாரம் இப்போது கழியின் நுனி இணைப்புக்கு வந்தது. ஒட்டடைக் கம்பு பிடித்தவர்களுக்கு இது தெரிந்த தொல்லை: மூலையில் ஓர் இழுப்பு இழுத்தால் பிரஷ் மட்டும் சுற்றும், கம்பு சும்மா நிற்கும். கணக்கு எளிது. 30 செ.மீ. அகல பிரஷின் ஓரம் சன்னல் சட்டத்தில் சிக்கினால், நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி விழும் விசை, பிரஷையும் கழியையும் இணைக்கும் ஒரு செ.மீ. ஆரமுள்ள மரையில் பதினைந்து மடங்காக இறங்குகிறது. பிளாஸ்டிக் மரை எத்தனை நாள் தாங்கும்?

அதனால் இந்தத் தொழிலில் பாதி, பட்டறை வேலை. மரக் கழியிலும் அலுமினியக் கழியிலும் குறுக்கே துளையிட்டு ஒரு பின்னைச் செருகினால் பிரஷ் சுற்றாது. கார்பன் கழியில் அதே துளை இழைகளை அறுத்துவிடும். விரிசல் அங்கிருந்தே தொடங்கும். எனவே உள்ளே ஒரு முளையை வைத்து, 1946இல் சந்தைக்கு வந்த அரால்டைட் போன்ற எப்பாக்ஸிப் பசையால் ஒட்டி, வெளியே ஒரு கிளிப்பைப் போட்டு முறுக்குவார்கள். கார் ரேடியேட்டர் ஓஸில் மெக்கானிக் திருகுகிற அதே கிளிப். 1921இல் பிரிட்டிஷ் கடற்படைக் கமாண்டர் லம்லி ராபின்சன் காப்புரிமை பெற்றது. முளை இல்லாமல் அதை முறுக்கினால் மெல்லிய குழாய் நொறுங்கிப்போகும்.

அதிலும் ஒரு பொறி உண்டு. அலுமினிய முளையும் கார்பனும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால், பேட்டரிக்குள் நடப்பதே அங்கும் நடக்கும்: அலுமினியம் அரிபடும், வெள்ளைப் பொடி பூக்கும், பசையின் பிடி விடும். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற கருவிக்கு இது சின்ன விஷயமில்லை. நடுவில் கண்ணாடி இழைத் துணியை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டுவதுதான் மருந்து. விமானப் பொறியாளர்களும் இதையே செய்கிறார்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மேலே கம்பி போகும் தெருவில் எந்த ஒட்டும் காப்பாற்றாது. அங்கே கழியை உயர்த்தாமல் இருப்பதுதான் வழி.

இத்தனைக்குப் பிறகும் மரை ஒரே மாதிரி ஆகவில்லை. அமெரிக்கத் துடைப்பக் கழிகளின் மரை முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு ஐந்து சுற்று. ஐரோப்பியக் கழிகளின் மரை வேறு. அமெரிக்கக் கழியில் ஐரோப்பிய பிரஷை மாட்ட இன்றும் நடுவே ஓர் அடாப்டர் வேண்டும்.