தரவு போதுமை வினாக்களில் அசமன்பாடுகள்

தரவு போதுமை வினா, கொடுத்திருக்கும் தகவல் ஒரு கேள்விக்கு உறுதியான விடை தருமா என்பதை மட்டும் சோதிப்பது. மேலாண்மைப் பட்டமேற்படிப்புக்கான ஜிமேட் தேர்வில் இவ்வகை நெடுங்காலமாக உண்டு. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் இது கணிதப் பகுதியை விட்டு 'டேட்டா இன்சைட்ஸ்' பகுதிக்கு மாறியது. இந்திய வங்கித் தேர்வுகளிலும் இவ்வகை வினாக்கள் வருவதுண்டு.

ஒரு கேள்வி, அதன் கீழ் இரண்டு கூற்றுகள். முதற்கூற்று மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், ஒவ்வொன்றும் தனித்தே போதும், சேர்ந்தும் போதாது என ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "ஆம்" என்பதைப் போலவே, ஐயமற்ற "இல்லை" என்பதும் போதுமான விடைதான். க > 5 ஆகுமா என்ற கேள்விக்கு 2க + 3 < 7 என்று கூற்று இருந்தால் க < 2 என்றாகிறது. எனவே "இல்லை" என்பது உறுதி, கூற்றும் போதுமானது. பலர் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான்.

இயற்கணித வினாக்களில் அசமன்பாடு தனித்த கவனம் கோருவதற்குக் காரணம் குறி. குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ அசமன்பாட்டின் திசை திரும்பிவிடும். ஆகவே க/ச > 1 என்பதிலிருந்து க > ச என்று முடிவுகட்டக் கூடாது. ச-வின் குறி தெரியாதவரை அதனால் பெருக்க நமக்கு உரிமையில்லை: க = −3, ச = −2 என்றால் வகுத்த ஈவு 1.5, ஆனால் க-தான் சிறியது. ச > 0 என்ற கூற்றும் சேர்ந்தால் ஐயம் தீர்கிறது.

ஒரே திசையிலுள்ள இரு அசமன்பாடுகளைக் கூட்டலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கலாகாது. க > 0 ஆகுமா என்ற கேள்விக்கு க + ச > 4, க − ச > 2 ஆகிய இரண்டும் தனித்தனியே போதாதவை. கூட்டினால் 2க > 6, விடை கிடைத்துவிடுகிறது.

அடுக்குகள் வரும்போது சோதனை எண்களே நம்பகமான கருவி. க > க² ஆகுமா? கூற்று 1: க < 1. கூற்று 2: க > க³. க = 1/2 என்றால் இரு கூற்றுகளும் பொருந்துகின்றன, விடை "ஆம்". அவசரக்காரர் இங்கேயே நின்று, இரண்டும் சேர்ந்தால் போதும் என்று எழுதிவிடுவார். க = −2 என்றாலும் இரு கூற்றுகளும் பொருந்தும்: −2 < 1, −2 > −8. ஆனால் −2 > 4 என்பது பொய். ஆகவே சேர்ந்தும் போதாது. மிகை முழு எண், மிகைப் பின்னம், பூச்சியம், குறைப் பின்னம், −1-ஐ விடச் சிறிய எண் என எண்கோட்டின் எல்லாப் பகுதிகளிலும் தொட்டுப் பார்ப்பது இதற்காகவே. மாறுபட்ட விடை தரும் இரண்டு எண்கள் கிடைத்த உடனே கூற்று போதாது என்பது நிறுவப்பட்டுவிடுகிறது. அதற்குமேல் அதில் நேரம் செலவிடத் தேவையில்லை. ஒரே விடை தொடர்ந்து வந்தால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது. அப்போது இயற்கணிதத்தால் காரணம் காட்ட வேண்டும்.

ஜிமேட் வினாக்களில் இரு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. முதற்கூற்றில் க < 0 என்றும் இரண்டாவதில் க > 3 என்றும் வந்தால் கணக்கில் பிழை இருக்கிறது. மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.