மறக்கவே கூடாதுன்னு நினைச்சது மட்டும் மறந்து போவது ஏன்? மூளைக்குள் நடப்பது இதுதான்!

"ஆபீஸ் விட்டு வரும்போது அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கணும்." காலையில் நன்றாக ஞாபகம் இருக்கும். மாலையில் அதே மெடிக்கல் ஷாப்பைத் தாண்டித்தான் பைக்கும் வரும். ஆனால், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் "ஐயோ, மாத்திரை!" என்று தோன்றும். அப்படியென்றால் ஞாபக சக்தி குறைந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை.

இது வேறு வகை நினைவு

நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய நினைவு. 'இனி இதைச் செய்யணும்' என்பது வேறு. இதை 'ப்ராஸ்பெக்டிவ் மெமரி' என்கிறார்கள். இதில் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தால் மட்டும் போதாது. சரியான நேரத்தில், யாரும் கேட்காமலேயே அது தானாக மனதில் வர வேண்டும். சிக்கலே அங்குதான்.

மூளையில் எந்தப் பகுதி?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. பிரிட்டன் ஆய்வாளர்கள் டிம் ஷாலிஸ், பால் பர்ஜெஸ் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். தலையில் அடிபட்டு முன்மூளை பாதிக்கப்பட்ட 3 பேர், ஐ.க்யூ. தேர்வை நன்றாகவே செய்தார்கள். ஆனால், கடைத்தெருவுக்கு அனுப்பி சில சின்னச் சின்ன வேலைகளை முடிக்கச் சொன்னபோது தடுமாறினார்கள்.

அடையாளம் இருந்தால் ஈஸி

அமெரிக்க உளவியலாளர்கள் கில்ஸ் ஐன்ஸ்டீன், மார்க் மெக்டேனியல் இந்த நினைவை இரண்டாகப் பிரித்தனர். 'அண்ணனைப் பார்த்ததும் சொல்லணும்' என்பது ஒரு நிகழ்வோடு கட்டியது. 'நாலு மணிக்குப் போன் பண்ணணும்' என்பது நேரத்தோடு கட்டியது. முதல் வகையில் அண்ணனின் முகமே ஞாபகப்படுத்திவிடும். இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. அதனால் பொதுவாக அதுதான் கஷ்டம்.

மெடிக்கல் ஷாப் கண்ணில் பட்டும் மறந்தது ஏன்? தினமும் போகும் வழி என்பதால் வண்டி பழக்கத்தில் ஓடுகிறது, மனசு வேறெங்கோ இருக்கிறது. கடை கண்ணில் பட்டாலும் கவனத்தில் படுவதில்லை.

156 உயிர்களைப் பறித்த மறதி

1987 ஆகஸ்ட் 16. அமெரிக்காவின் டெட்ராய்ட் விமான நிலையத்தில் இருந்து கிளம்பிய நார்த்வெஸ்ட் 255 விமானம் சில விநாடிகளிலேயே விழுந்து நொறுங்கியது. தரையில் இருந்த 2 பேர் உட்பட 156 பேர் பலி. விமானத்தில் இருந்தவர்களில் 4 வயது சிறுமி ஒருத்தி மட்டுமே உயிர் பிழைத்தாள்.

விமானம் மேலெழும்ப இறக்கையில் உள்ள 'ஃபிளாப்' நீட்டப்பட வேண்டும். அது நீட்டப்படவில்லை. அதைச் சரிபார்க்கும் செக்லிஸ்ட்டும் படிக்கப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்யவில்லை. ஓடுபாதையை நோக்கிப் போகும்போதே ஓடுபாதை மாற்றப்பட்டதால் விமானிகளுக்குக் கூடுதல் வேலை சேர்ந்திருந்தது. அனுபவசாலிகள்தான். ஆனால், வழக்கமான வரிசை நடுவில் கலைந்தால், விட்ட இடத்தை மூளை தானாகச் சொல்லாது.

மறக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

* 'மாத்திரை போடணும்' என்று மட்டும் நினைக்காதீர்கள். 'காபி டம்ளரைக் கீழே வைத்ததும் மாத்திரை' என்று முடிவு செய்யுங்கள். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற இந்தத் திட்டம் பலன் தருவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.
* மருந்துச் சீட்டை பர்ஸுக்குள் வைக்காமல், பைக் சாவியோடு சேர்த்து மாட்டுங்கள்.
* அந்த வேலையைச் செய்ய முடிகிற நேரத்துக்கு அலாரம் வையுங்கள். வண்டி ஓட்டும்போது அடிக்கும் அலாரத்தை அணைத்துவிட்டு மறப்பதுதான் நடக்கும்.
* வேலைக்கு நடுவே யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்?

யாராவது சொன்னதும் "ஆமா, மறந்துட்டேன்" என்று உடனே ஞாபகம் வந்தால் அது எல்லோருக்கும் நடப்பதுதான். சொன்ன பிறகும் "அப்படியா, எப்போ சொன்னீங்க?" என்று அடிக்கடி கேட்கும் நிலை வந்தால், டாக்டரைப் பார்ப்பது நல்லது.