திருவனந்தபுரத்தில் பாட்டும் பிழைப்பும்

19ஆம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்துக்கு வந்த பாடகருக்குச் சோறு போட்டது அரண்மனை. சுவாதித் திருநாள் 1829இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பின், தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான்கள் பலர் தெற்கே வந்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, மன்னருக்கு மிகவும் நெருக்கமானார். அந்நாளில் வயலின் தென்னாட்டுக்குப் புதிய வாத்தியம். அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். மேருசுவாமி கதாகாலட்சேபத்தைக் கொண்டுவந்தார். கன்னையா பாகவதர் தம் குரு தியாகராஜரின் கீர்த்தனைகளைக் கொண்டுவந்தார். குரல்வளம் உள்ளவர்கள் ஊரில் ஏற்கெனவே இருந்தார்கள். வெளியூர் வித்வானுக்கு அங்கே இடம் கிடைத்ததற்குக் காரணம், அவையில் இல்லாத ஒன்றை அவர் கையோடு கொண்டுவந்ததே.

அரண்மனைப் பிழைப்பில் ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. வடிவேலு முப்பத்தைந்து வயது அளவில் மறைந்தார். 1846இல் மன்னரும் மறைந்தார். அடுத்து வந்த உத்திரம் திருநாளின் மனம் கதகளியில் இருந்தது. பாலக்காடு பரமேஸ்வர பாகவதரைப் போன்ற சிலர் அடுத்தடுத்த ஆட்சிகளிலும் நிலைத்து நின்றனர். மற்றபடி, ஒரு மனிதரின் ரசனை மாறினால் சமஸ்தான வித்வானின் படியளப்பும் மாறும் என்ற நிலைதான்.

இன்னொரு வழி உத்தியோகம். நாகர்கோவிலை அடுத்த வடிவீஸ்வரத்தில் 1839இல் பிறந்த நீலகண்ட சிவன், திருவிதாங்கூர் அரசில் கிராம அதிகாரியாக இருந்தவர். பின்னர் வேலையை விட்டு, பாட்டும் பஜனையுமாக வாழ்ந்து, 1900இல் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். திருவனந்தபுரத்திலேயே பிறந்த டி. லட்சுமண பிள்ளை (1864–1950) வேறு விதமானவர். பட்டப்படிப்பு முடித்து, அரசுக் கருவூலத்தில் அதிகாரியாக இருந்துகொண்டே தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். சம்பாவனைக்காக எவரையும் புகழ்ந்து பாட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. தமிழ்க் கீர்த்தனை வரலாறு எழுதுவோர் இவரைப் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

நீலகண்ட சிவனின் பஜனைகளின் தாக்கத்தில் வளர்ந்த சிறுவன் ஒருவன் பின்னாளில் தமிழிசையையே நிரப்பினான். தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் 1890இல் பிறந்த ராமையா, தந்தையை இழந்த பின் தாயோடும் அண்ணனோடும் திருவனந்தபுரம் வந்தார். மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் படித்தார்; நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் இசையின் அடிப்படைகளைக் கற்றார். அவரே பாபநாசம் சிவன். பிற்காலத்தில் கோயில் வீதி பஜனை, கலாக்ஷேத்திராவில் ஆசிரியப் பணி, 1930களின் திரைப்படப் பாட்டு என அவர் சென்ற துறைகள் பல. எங்கே போனாலும் அவருக்குக் கைகொடுத்தவை அந்த மொழிப் பயிற்சியும் பஜனைப் பழக்கமுமே. மேடைக் கச்சேரியை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு அகலமான வாழ்வு அமைந்திருக்காது.

இவ்வூர்ப் பாடகர்களின் பயிற்சியில் நவராத்திரி மண்டபத்துக்குத் தனி இடம் உண்டு. பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வந்துசேர, ஒன்பது மாலைகளும் கோட்டைக்குள் கச்சேரி நடக்கும். முதலில் முல்லமூட்டு பாகவதர்களின் தோடயமங்களம். அதன் பிறகு அன்றைய வித்வான் பாட வேண்டும். எந்த நாளில் எந்த ராகம் பிரதானம் என்பது முன்பே வகுக்கப்பட்டது: முதல் நாள் சங்கராபரணம், அடுத்த நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி, இப்படியே போகும். கைதட்டல் கிடையாது. பாராட்டின் துணையில்லாமல், விதித்த ராகத்தை விரிவாகப் பாடிக் காட்ட வேண்டும். பாடாந்தரம் சுத்தமாக இல்லாதவர் அங்கே தப்ப முடியாது.

முறையான நிறுவனம் வந்தது 1939இல். அந்த ஆண்டு தொடங்கிய இசை அகாதமிக்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் முதல் முதல்வரானார். சுவாதித் திருநாளின் உருப்படிகள் அப்போது சிதறிக் கிடந்தன. சிலவற்றுக்குச் சாகித்யம் மட்டுமே மிஞ்சியிருந்தது. அவற்றைத் திரட்டும் பணியை அவர் முன்னெடுத்தார். அவருக்குப் பின் வந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் 1963 வரை முதல்வராக இருந்தார். பல உருப்படிகளுக்கு மெட்டமைத்து மேடைக்குக் கொண்டுவந்தார். முப்பது சொச்சம் வயதில் உச்சத்தில் இருந்த ஒரு கச்சேரி வித்வான் ஆசிரியப் பணியை ஏற்றதால் அவர் கச்சேரி வாழ்வு சுருங்கவில்லை. 1947இல் சங்கீத கலாநிதி பட்டமும் வந்தது. அகாதமியில் திரட்டிய உருப்படிகள் மேடையில் அவருடைய தனிச்சொத்தாயின. குருகுலவாசத்துக்கு வசதியில்லாத பிள்ளைகளும் இப்போது பாடத்திட்டப்படி கற்று, கானபூஷணம் என்ற பட்டத்தோடு வெளியே வந்து வேலை தேட முடிந்தது. 1943இல் திருவிதாங்கூர் வானொலி தொடங்கியது. 1950இல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. அரசன், ஆசிரியப் பணி என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு வருமானமும் சேர்ந்தது.

இந்த மாற்றத்தால் அதிகம் பெற்றவர்கள் பெண்கள். 1924இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள், பதினைந்து வயதில் காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியையானார். அகாதமியின் முதல் மாணவியும் அவரே. பின்னர் அங்கேயே கற்பித்தார், திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வரும் ஆனார். ஆனால் நவராத்திரி மண்டபம் மட்டும் நெடுங்காலம் ஆண்களுக்கே திறந்திருந்தது. 2006இல், எண்பது வயதைக் கடந்த பின், அங்கே கச்சேரி செய்த முதல் பெண் என்ற இடத்தை அவர் பெற்றார். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2021இல் அவர் காலமானார்.