ஒரே வேர், இரண்டு மருந்துகள்



சர்ப்பகந்தி வேரைப் பெயரளவிலாவது நம்மில் பலர் அறிவோம். சிங்களத்தில் ஏகவெரிய. யூனானி ஹகீம்மார் அஸ்ரோல் என்பார்கள். பாம்புக்கடி, நித்திரையின்மை, புத்தி பேதலிப்பு என்று பலதுக்கும் நீண்டகாலமாகக் கொடுக்கப்பட்டு வந்த வேர். அதற்குள் இருந்த மருந்தை வெளியே எடுத்த கதை சுவையானது. வகுப்பில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, இங்கே சொல்கிறோம்.

டில்லியின் ஹகீம் அஜ்மல் கான் யூனானி வைத்தியர், சுதந்திரப் போராட்டத் தலைவர். அவர் உருவாக்கிய திப்பியா கல்லூரியை 1921 இல் காந்தி திறந்து வைத்தார். ஹகீம்மாரின் மருந்துகளை இரசாயன கூடத்தில் சோதிக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். தன் பரம்பரை வைத்தியத்தையே சோதனைக்கு விடுவதற்குத் துணிச்சல் வேண்டும். 1927 இல் அவர் காலமானார். ஜெர்மனியில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்தீகி அந்த வேலையைத் தொடர்ந்தார். 1931 இல் அந்த வேரிலிருந்து ஒரு சேர்மத்தைப் பளிங்குகளாகப் பிரித்தெடுத்து, ஹகீமின் நினைவாக அஜ்மலீன் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சோதிக்க இன்றும் அது பயன்படுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். வேரைத் தின்றவருக்கு நித்திரை வந்தது, பிறசர் இறங்கியது. அஜ்மலீன் பளிங்குகள் அந்த நித்திரையைத் தரவில்லை. அப்படியானால் அது எங்கே போனது?

பளிங்குகளைப் பிரித்தபின் மிஞ்சிய பிசினிலேயே இருந்தது! தூக்கம் தரும் குணம் பிசின் பகுதியில் இருப்பதை 1940களில் இந்திய ஆய்வாளர்கள் கண்டார்கள். 1949 இல் பம்பாயின் டொக்டர் ருஸ்தம் வக்கீல் இந்த வேரால் பிறசர் இறங்குவதைப் பிரித்தானிய இதய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952 இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பனியார் அந்தப் பிசினிலிருந்து ரெசர்பீனை எடுத்தார்கள். பிறசருக்கும் மனநோய்க்கும் அக்காலத்தில் பெரிய மருந்து அது.

காரணம் எளிது. அஜ்மலீன் வலுவான காரம், அமில நீரோடு சேர்ந்து வந்துவிடும். ரெசர்பீன் வலுக்குறைந்த காரம், அமில நீரில் லேசில் கரையாமல் பிசினோடு ஒட்டிக்கொள்ளும். வேர் ஒன்றுதான். எடுத்த முறை வேறு, கிடைத்த மருந்தும் வேறு.

நமது குசினியிலும் இதே கணக்குத்தான். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, எண்ணெயில் கரையும். கருஞ்சீரகத்தின் தைமோகுவினோன் எளிதில் ஆவியாகும், திறந்த சட்டியில் நெடுநேரம் அவித்தால் ஆவியோடு போய்விடும். சீனி வருத்தத்துக்குக் கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பையில் இரவெல்லாம் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அதில் நெருப்பே இல்லை. 1997 இல் கியோட்டோ ஆய்வாளர்கள் அந்தத் தாவரத்தில் கண்ட சலசினோல் தண்ணீரில் கரைவது. கோப்பை கடைந்தவர்கள் சரியான வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

1990 ஒக்டோபர் 30 இல் நமது குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறின. வீட்டு வைத்தியத்தில் மருந்தின் பெயர் வாய்வழியாகத் தப்பியது, பக்குவம் பல வீடுகளில் தப்பவில்லை. எத்தனை பங்கு தண்ணீர், எதுவரை வற்ற வேண்டும், மூடியா திறந்தா என்று சொல்லித்தந்த பெரியம்மாமார், மூத்தம்மாமார் இன்று எத்தனை பேர்? இருப்பவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். மருந்தின் பெயரோடு நிறுத்தாமல் செய்முறையையும் எழுதுங்கள்.

சர்ப்பகந்தியை மட்டும் வீட்டில் அவிக்க வேண்டாம். ரெசர்பீன் சிலருக்குக் கடும் மனச்சோர்வைத் தந்தது, இன்று அதை வைத்தியர்கள் அரிதாகவே எழுதுகிறார்கள். பிறசர் குளிசை குடிப்பவர்கள் அதை நிறுத்திவிட்டு வேருக்குப் போவது ஆபத்து. கேட்க வேண்டுமென்றால் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது குளிசைத் துண்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.