நத்தைச் சளியும் ஈய மாவும்: 'விநோதம்' என்ற சொல்லை முன்வைத்து

கொரியாவில் தயாரான சிறு புட்டி ஒன்று கைக்கு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு நத்தைச் சுரப்பு என்று மேலே அச்சடித்திருந்தது. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டால், நறுக்கின வெண்டைக்காய் மாதிரி நூல் நூலாய் இழுத்தது. கூட இருந்த நண்பர், 'ஐயே, நத்தை எச்சிலா? இதைப் போய் மூஞ்சியில பூசுவாங்களா?' என்றார். பத்து நாள் பூசிப் பார்த்தேன். தோலில் கொஞ்சம் ஈரப்பசை நின்றது, அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் நண்பரின் அந்த 'ஐயே' என்னை விடவில்லை. எது விநோதம், எது சகஜம் என்பது எங்கே தீர்மானமாகிறது? இந்தக் கேள்வியோடு கொரிய அழகுப் பொருள்களின் வரலாற்றுக்குள் போனால் விஷயம் தலைகீழாகிவிடுகிறது.

கொரிய மரபில் நத்தை அந்நியமானதல்ல. ஹோ சுன் தொகுத்து 1613இல் அச்சான 'தொங்உய் போகம்' என்னும் மருத்துவ நூலில் நத்தையும் ஒரு மருந்துப் பொருள். வயல் நத்தை அங்கே உணவு. ஏழைக் குடியானவன் வீட்டு நத்தைக்குள்ளிருந்து ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் வெளியே வந்து சமைத்துவைத்துவிட்டு மறுபடியும் ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் நாட்டார் கதையும் உண்டு. பிங்ஹோகக் யி என்ற பெண் 1809இல் கொரிய எழுத்தில் எழுதிய குடும்பக் கலைக்களஞ்சியமான 'கியூஹப் சோங்சோ' அலங்கார முறைகளையும் பேசுகிறது. பயற்று மாவு போட்டு முகம் கழுவும் பழக்கம் அங்கேயும் இருந்தது. பயற்றம்மாவு தேய்த்துக் குளித்த நமக்கு இது புதுசில்லை.

ஆனால் இந்தப் புட்டி அந்த மரபின் நேரடித் தொடர்ச்சி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நத்தைக் களிம்பு 1990களில் சிலி நாட்டில் சந்தைக்கு வந்தது. உணவுக்காக நத்தை வளர்த்தவர்களின் கைகள் மிருதுவானதைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பது விற்கிறவர்கள் சொல்லும் கதை. கொரியாவில் அது பெரும் மோஸ்தரானது 2010ஐ ஒட்டித்தான். ஆக 'கீழைத்தேய ரகசியம்' என்பது சந்தை கட்டமைத்த ஒரு சொல்லாடல்.

இனி சகஜமானதற்கு வருவோம். கொரியா ஜப்பானியக் காலனியாக இருந்தபோது, 1910களின் நடுவில், சியோலில் துணிக்கடை வைத்திருந்த பார்க் சுங்ஜிக்கின் மனைவி முகமாவு தயாரித்தார். துணி வாங்க வருபவர்களுக்கு முதலில் இனாமாகக் கொடுத்தார்கள். பிறகு அதுவே 'பக்காபுன்' என்ற பெயரில் பிரமாதமாக விற்றது. தோலில் நன்றாக ஒட்டவேண்டும் என்பதற்காக அதில் ஈயம் சேர்த்தார்கள். தொழில் நிமித்தம் நாள்தோறும் அப்பிக்கொள்ள வேண்டியிருந்த கிசெங் பெண்களின் முகத்தோல் கெட்டது. விஷம் உடம்புக்குள்ளும் போனது. 1930களில் விஷயம் வெளியே தெரிந்து, 1937இல் தயாரிப்பு நின்றது. கவனியுங்கள், இந்த மாவை யாரும் 'விநோதம்' என்று சொல்லவில்லை. பெண் என்றால் வெள்ளை மாவு பூசுவாள் என்பது அவ்வளவு இயல்பாக இருந்தது. அந்த இயல்புக்குள்தான் ஈயம் ஒளிந்திருந்தது.

பின்னால் வந்த அரசும் இந்த இயல்பைத் தொடவில்லை. 1961இல் அந்நியப் பொருள்களின் விற்பனையைத் தடைசெய்தது, உள்நாட்டு முதலாளிகள் வளர்ந்தார்கள். 1964இலிருந்து பசிபிக் கம்பெனியின் விற்பனைப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 1966இல் ஜின்செங் களிம்பு வந்தது. 2000இல் நடைமுறைக்கு வந்த அழகுப்பொருள் சட்டம், சருமத்தை வெளுப்பாக்குவதை, சுருக்கம் நீக்குவதோடும் வெயில் தடுப்பதோடும் சேர்த்து, அரசு அங்கீகரிக்கும் ஒரு 'செயல்பாடு' ஆக்கியது. நத்தையைப் பார்த்து 'ஐயே' என்கிற நாம், 'வெளுப்பு' என்ற சொல்லைப் படித்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். எனக்கென்னவோ அந்தச் சொல்தான் விநோதமாகப் படுகிறது.

இதைக் கொரியப் பெண்களே கேட்டார்கள். 2018இல் 'கச்சையைக் கழற்று' என்ற பொருளில் எழுந்த இயக்கத்தில் இளம் பெண்கள் முடியை ஒட்ட வெட்டி, அழகுப் பொருள்களை உடைத்து, படமெடுத்து வெளியிட்டார்கள். மாவில் என்ன இருக்கிறது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அலங்காரம் இல்லாமல் வேலைக்குப் போனால் ஏன் சோம்பேறி என்கிறீர்கள், இதற்குச் செலவாகும் காசும் நேரமும் யாருடையது என்று கேட்டார்கள். கதையில் வரும் நத்தைப் பெண்ணின் உழைப்பும் இப்படித்தான், கண்ணுக்குப் படாமல் நடக்கிற வரையில் எல்லோருக்கும் சௌகரியம்.

நண்பரின் 'ஐயே'வுக்குத் திரும்புகிறேன். நம் வயல்களில் நத்தை பொறுக்கிக் குழம்பு வைப்பவர்களைப் பார்த்துச் சுளிக்கும் சாதி மூக்கும் அதே சத்தத்தைத்தான் போடுகிறது. புட்டியில் அடைத்து விலை போட்டால் அந்த மூக்கு பழகிக்கொள்ளும், சுளிப்பு நத்தையின் மீதல்ல என்பதும் அப்போது தெரிந்துவிடும். இதைச் சொன்னபோது நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'எங்க அம்மா ஆக்குவாங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தான் போடுவாங்க' என்றார்.