பட்டாளத்து வீடுகளின் கிறிஸ்துமஸ்

பட்டாளத்து வீடுகளின் கிறிஸ்துமஸ் என்பது, படைப்பணியால் டிசம்பர் 25 அன்று ஊருக்கு வர முடியாதவரை வீட்டார் நினைத்துக்கொள்ளும் வழக்கத்தையும், தமிழகத்தில் அதற்கு அமைந்த வரலாற்றையும் குறிக்கும். ஐரோப்பாவில் இதற்கென்று பாட்டு உண்டு, வாழ்த்தட்டை உண்டு, அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பரிசுப் பெட்டிகளும் உண்டு. இங்கே அப்படி எதுவும் சேரவில்லை. ஆகவே அந்த நினைவே இங்கு இல்லை என்று சொல்லிவிடலாமா என்றால், முடியாது. அரசு எழுப்பும் நினைவுச்சின்னம் இறந்தவர்களைத்தான் கணக்கில் கொள்ளும். உயிரோடிருந்து, பண்டிகைக்கு மட்டும் வராமல் போனவருக்கு அதில் இடமில்லை. அவருடைய நினைவு தபாலையும் லீவையும் ஒட்டியே வளர்ந்தது. கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். வெள்ளாற்றங்கரையில் பிரளயகாலேசுவரர் கோயிலோடு இருக்கும் பெண்ணாடம், மெய்கண்டார் பிறந்த ஊர் என்று சைவர்கள் போற்றுவது. பெண்ணாடத்தை அடுத்த விருத்தாசலம் பகுதியில், கோணாங்குப்பத்தில், வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. விருத்தாசலம் சிவன் கோயில் அம்மனுக்கும் கோணாங்குப்பத்து மாதாவுக்கும் ஒரே பெயர்: பெரியநாயகி. மாதா கோயில் திருவிழா ஜனவரியில் வருகிறது. கிறிஸ்துமஸ், பொங்கல், மாதா திருவிழா மூன்றும் அடுத்தடுத்து வரும் இந்தப் பருவத்தில், லீவில் வரும் பட்டாளத்துக்காரர் எதற்கு வருகிறார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தார்கள். சென்னைச் சிப்பாய்கள் மனைவி மக்களோடு படை லைனிலேயே குடியிருந்தார்கள். பட்டாளம் இடம் மாறினால் குடும்பமும் வண்டி கட்டிக்கொண்டு கூடப் போகும். பிரிவு என்பது கப்பல் ஏறும்போதுதான் வந்தது. 1811இல் ஜாவாவுக்கும் 1824இல் பர்மாவுக்கும் படை கிளம்பியபோது குடும்பங்கள் கரையில் நின்றன. கிறிஸ்துமஸ் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளின் பண்டிகை. லைனில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்த நாளை எப்படிக் கழித்தன என்று தேடினால் கைக்குக் கிடைப்பது சொற்பம்.

முதல் உலகப் போர் நடந்த 1914 டிசம்பரில் இந்த நிலை கொஞ்சம் மாறியது. பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பெயரால் திரட்டிய நிதியிலிருந்து, கிறிஸ்துமஸ் அன்று பணியில் இருந்த படையினருக்கு ஒரு பித்தளைப் பெட்டி வழங்க முடிவானது. வாழ்த்தட்டையும் அதோடு சேர்ந்தது. இந்தியருக்கு என்ன தருவது என்று யோசித்துப் பட்டியல் போட்டார்கள். கூர்க்காக்களுக்கு வெள்ளையருக்குத் தந்ததே. சீக்கியருக்குக் கற்கண்டும், ஒரு தகர டப்பாவில் மசாலாப் பொருள்களும். மற்ற இந்தியருக்கு இவற்றோடு சிகரெட். படையோடு போன வேலையாட்களுக்கு மசாலா டப்பாவும் அட்டையும் மட்டும். மிளகும் ஏலமும் விளையும் நாட்டு ஆட்களுக்கு இங்கிலாந்து மசாலா அனுப்பிய வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். பண்டிகை நாளில் வீட்டை விட்டு வந்தவன் என்ற தகுதிக்காகவே, அவன் சாமி எது என்று பாராமல், ஒருவனுக்குப் பொருள் கொடுத்த ஏற்பாடு இது. ஆனால் பிரான்சில் நின்ற இந்தியப் படையில் தமிழர் மிகக் குறைவு. 1880களில் சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றோர் பரப்பிய, சில குடிகளே போருக்கு ஏற்றவர்கள் என்ற ‘போர்க்குடிகள்’ கொள்கை, தெற்கத்தியரைச் சேர்ப்பதை வெகுவாகக் குறைத்துவிட்டிருந்தது. தமிழர் இருந்த 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படையும் 61ஆம் பயனியர் படையும் அந்த நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் தோல்வியைச் சந்தித்த படையில் இருந்தன. பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்ததால், பஞ்சாபியரின் ஏக்கம் இன்று லண்டன் நூலகத்தில் படிக்கக் கிடைக்கிறது. தமிழ்க் குரல் அதில் அரிது. அந்த மௌனத்தை உணர்ச்சியின்மை என்று படிப்பது பிழை. ஆள் சேர்ப்புக் கொள்கையின் விளைவு அது.

போருக்குப் பிறகு தமிழகத்துக்குக் கிடைத்தவை கல்வெட்டுகள். வேலூர் மணிக்கூண்டில் உள்ள பலகை, இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்த 263 பேர் எத்தனை பண்டிகைகளை மெசபடோமியாவிலோ ஆப்பிரிக்காவிலோ கழித்தார்கள் என்பது கழித்தல் கணக்கில் கரைந்துவிடுகிறது. சுதந்திரத்துக்குப் பின் 1949 முதல் டிசம்பர் 7 படையினருக்கான கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கிறிஸ்துமஸுக்குப் பதினெட்டு நாள் முன்பே இந்த நினைவு நாள் இருக்கிறதே என்று கேட்கலாம். கொடிநாள் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஊரார் உண்டியலில் காசு போடும் நாள். பட்டாளத்து வீட்டில் ஒரு இலை குறைவது வேறு நாளில்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு, தீபாவளியும் பொங்கலும் இருக்கக் கிறிஸ்துமஸை ஏன் அளவுகோலாக எடுக்க வேண்டும்? எண்ணிக்கை சரிதான். ஆனால் படைக்குள் பண்டிகை நடக்கும் முறை வேறு. பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் எல்லோரும் அங்கே மத ஆசிரியர் பதவியில் இருப்பவர்கள். வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடரும் கலந்திருக்கிறார்கள். பண்டிகைக்கு அதிகாரியும் ஜவானும் சேர்ந்து உண்ணும் ‘படா கானா’ உண்டு. அதோடு லீவு என்பது பங்கு போட வேண்டிய பொருள். கிறிஸ்துமஸுக்குப் போன அந்தோணியின் காவலை முருகன் பார்த்தால்தான் பொங்கலுக்கு முருகனின் காவலை அந்தோணி பார்க்க முடியும். ஆகவே டிசம்பர் 25 இந்து வீட்டின் நாட்காட்டியிலும் மறைமுகமாக இடம் பிடித்துவிடுகிறது.

வீட்டார் அறிந்த முகவரியோ இடமே இல்லாத முகவரி. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, கடைசியில் ராணுவ அஞ்சலகத்தைக் குறிக்கும் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. லடாக்கா ராஜஸ்தானா என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இடம் சில ஆண்டுகள் கடலுக்கு அப்பாலும் இருந்தது: 1987 முதல் 1989 வரை மூன்று கிறிஸ்துமஸ்கள் இந்திய அமைதிப் படை இலங்கையில் இருந்தது. 1990 மார்ச்சில்தான் கடைசிப் பிரிவு திரும்பியது. தமிழ் வீரருக்கு அது மிக விசித்திரமான தொலைவு. பாக் நீரிணையின் அந்தப் பக்கம், தமிழில் பூசை நடக்கும் மாதா கோயில்கள் நிறைந்த யாழ்ப்பாணம். மைல் கணக்கில் காஷ்மீரைவிட வீட்டுக்கு அருகே. ஆனால் யாழ்ப்பாணத்து மக்களின் நினைவில் அந்தப் படைக்கு வேறொரு முகம், கசப்பான முகம். அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். இரு கரையிலும் இருந்த துக்கங்கள் ஒன்றை ஒன்று பார்க்க விரும்பாததால், திரும்பி வந்தவர்களின் பண்டிகைக் கதைகளுக்கும் கேட்பவர் குறைந்தார்கள்.

கைபேசி வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பார்கள். முகம் பார்த்துப் பேசுவது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் பிரச்சினை குரல் எட்டாமல் போனது மட்டுமல்ல; அந்த நாளுக்கு எந்தப் பதிவும் இல்லாமல் போனது. 2004ஐப் பாருங்கள். கார் நிக்கோபார் தீவில் பெரும்பாலோர் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸ் அவர்களின் பெரிய பண்டிகை. விமானப்படைத் தளத்தில் வீரர்கள் மனைவி குழந்தைகளோடு குடியிருந்தார்கள், பழைய சென்னைப் படை லைன் போலவே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை ஆழிப்பேரலை வந்தது. படையினரும் குடும்பத்தாருமாக 100க்கும் மேற்பட்டோர் மறைந்தனர். அதே காலையில் பெண்ணாடம் இருக்கும் கடலூர் மாவட்டத்தின் கரையோரத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டுதோறும் இரண்டு இடத்துக்கும் அஞ்சலி டிசம்பர் 26இல் நடக்கிறது. ஆனால் அந்த ஆண்டு அதற்கு முந்தைய நாள் அந்தத் தீவுக் குடியிருப்பில் யார் யாருக்குக் கேக் கொடுத்தார்கள், எந்த வீட்டில் குடில் வைத்தார்கள் என்பது ஊர் திரும்பிய சிலருக்கு மட்டுமே தெரியும்.